மின்விசிறியும் மீன்தொட்டியும்

இரண்டாவது முறையும் ஊசி நரம்பில் ஏறவில்லை. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, இன்னொரு கை இருக்கே" என்றார். அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். குழந்தைகள்கூட அவள் குத்தி முடித்த பிறகுதான் அழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அப்பேர்ப்பட்டவள் அந்த வாரத்தில் இரண்டு குழாய்களின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருந்தாள். நல்லவேளையாக முடிவு வெளியே போகும் முன் பிடித்துவிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவளான பொறுப்பாளர் கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்கள ஊசி போடற வேலையில வச்சிருக்க முடியாது. மொதல்ல நல்லா தூங்குங்க" என்றாள்.

தூங்கு என்று சொல்ல யாருக்கென்ன? மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. படுத்து அரை மணி நேரம் ஆனதும் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கழுத்து, முதுகு, தலையணை எல்லாம் நனைந்துவிடும். எழுந்து மின்விசிறியை மூன்றில் வைப்பாள். பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்கு சைனஸ். இரண்டு தும்மல் போட்டுவிட்டு எழுந்துபோய் ஒன்றில் வைப்பார். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டதால் வானமே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

"வெளியில நாய்கூட சுருண்டு கிடக்கு. உனக்கு ஃபேன் மூணுல ஓடணுமா?"

"நானா கேக்கறேன்? உடம்பு கேக்குது."

வீட்டில் இன்னொரு அறை இல்லாமல் இல்லை. மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய் ஆறு வருஷமாகிறது. வருஷத்துக்கு நாலு நாள் வருவான், அதிலும் இரண்டு நாள் நண்பர்களுக்கு. மற்றபடி அந்த அறை அவனுடைய சாமான்களின் ராஜ்ஜியம். கட்டில்மேல் அவன் பள்ளி நாட்களில் அடம்பிடித்து வாங்கிய பெரிய மீன்தொட்டி. மீன்கள் மூன்றே மாதத்தில் போய்ச்சேர்ந்துவிட்டன, தொட்டிதான் போகவில்லை. சுற்றிலும் தேர்வுப் புத்தகப் பெட்டிகள், நரம்பு அறுந்த கிடார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் எல்லாவற்றையும் துடைத்து வைப்பாள். அங்கே படுத்துக்கொள்ளட்டுமா என்று கணவரிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும், "அவன் பொருள எடுத்துப் போட்டா பையன் மனசு என்ன பாடுபடும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார். பெற்ற பிள்ளையின் கட்டிலைக் காலி செய்கிறவள் என்ன தாய் என்று அவளுக்கே உறுத்தியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை துடைக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டு மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழை, சாப்பாடு என்று சுற்றி வளைத்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, அதையெல்லாம் தூக்கிப் போடு. நீ ஆசையா தொடச்சு வைக்கிறியேன்னுதான் நான் ஒண்ணும் சொல்லல."

"ஆசையா? எனக்கு முதுகு ஒடியுதுடா!"

"அப்பா சொல்லலியா? போன மாசமே சொன்னேனே. அம்மா தூங்கறதே இல்லைங்கறீங்களே, என் ரூம ஒழிச்சுக் குடுங்கப்பான்னு."

அவள் தொலைபேசியை வைத்தாள். ஆறு வருஷமாக யாருக்காகத் தூசி துடைத்தாள்? பிள்ளைமேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நகம் வெட்டிக்கொண்டிருந்த மனிதர்மேல்.

"போன மாசமே சொன்னானாமே?"

நகவெட்டி நின்றது. "சொன்னான்."

"தெரிஞ்சும் நான் தூங்காம சாகறத பார்த்துட்டு இருந்தீங்களா? என் வேலையே போகப்போகுது, தெரியுமா?"

"நீ அந்தப் பக்கம் போயிட்டா… பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நம்ம படுக்கைய யாருங்க வந்து பாக்கறா?"

அவர் நகத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார். "முப்பது வருஷமா பக்கத்துல யாராவது இருந்தே பழகிப்போச்சு" என்றார், காகிதத்தைப் பார்த்தபடி.

"யாராவதா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இந்தப் பாவம் பார்த்தே அல்லவா ஒரு வருஷம் போயிற்று! விறுவிறுவென்று உள்ளே போய்ப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி அடுக்கினாள். கிடாரை அலமாரிமேல் போட்டாள். தொட்டி மட்டும் அசைய மறுத்தது. கனத்த கண்ணாடி, ஒரு ஆளால் ஆகாது. உதவிக்குக் கூப்பிடுவதில்லை என்று அவள் வைராக்கியமாக நின்றிருக்க, அவரே வந்து மறுமுனையைப் பிடித்தார்.

பின்பக்கமாக நடந்து கதவைத் தாண்டியதும், "எங்க வைக்கிறது?" என்றார். கூடத்தில் சாப்பாட்டு மேஜையும் சோபாவும் முட்டிக்கொண்டு நின்றன.

"பால்கனியில."

"நனையுமே."

"மீன்தொட்டி நனைஞ்சா என்னங்க ஆகும்?"

ஆனால் பால்கனியில் காயாத துணிகளோடு கொடி அடைத்துக்கொண்டிருந்தது, கால்வைக்க இடமில்லை. அவளுக்கு விரல்கள் மரத்துப்போயின. எதிரே படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. "உள்ள போங்க. கை நழுவுது."

"உள்ள எங்க?"

"கட்டில்ல, என் பக்கத்துல இறக்குங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்தார். அவள் உடம்பு அழுந்தி அழுந்திப் பள்ளமாகிப்போன இடத்தில் தொட்டி சரியாகப் போய் உட்கார்ந்தது. அவள் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் மறுபக்கம் சுற்றிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு துடைத்தும் போகாத பச்சை படிந்த தொட்டியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கும் அப்பால் அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. வெளியே மழை வலுத்திருந்ததால் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.