நாப்லா கொண்டுவந்த நெருப்பு

இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டிய உருளைக்கிழங்கை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காலால் மண்ணைத் தள்ளி மூடினான் கார்மக். மஸ்கெரி மலைச்சரிவில் எல்லாரும் அப்படித்தான். குளிர்காலம் முழுக்க மண்தான் அவர்களுக்குக் களஞ்சியம். கல்வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாப்லா கத்தினாள்.

"ஏம்ப்பா கார்மக், இந்த ஓட்டையை எப்ப அடைக்கப்போறே? என் மாடு உன் கொல்லையிலேயே குடித்தனம் பண்ணுது."

"இடிச்சதே உன் மாடுதான் நாப்லாக்கா. அதையே கல்லு தூக்கச் சொல்லு!"

வாசலில் நின்ற கோப்னட் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். 1739ஆம் வருஷம் முடியப்போகிற நேரம். அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசி மாலை அது.

அந்த வாரமே உறைபனி இறங்கியது. ஆறு கல்லாகிவிட்டது. கடப்பாறையால் மண்ணை உடைத்துப் பார்த்தால், கிழங்கெல்லாம் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அதன்பிறகு கார்மக், "எனக்குப் பசியில்ல" என்று சொல்லிச் சொல்லியே தன் பங்கை மகள் எய்லிஷின் பக்கம் தள்ளிவிடுவான். ஏப்ரலில் காய்ச்சல் வந்தபோது, அதை எதிர்த்து நிற்க அவன் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அவனைப் புதைத்த கையோடு அதே காய்ச்சல் கோப்னட்டையும் படுக்கையில் தள்ளியது. ஒரு காலையில் தெளிந்து கண் திறந்தபோது அடுப்பு செத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, இரவில் நீறு மூடி விடியலில் ஊதி எழுப்பிக் காத்த நெருப்பு. கிளறிப் பார்த்தாள். ஒரு கங்குகூட இல்லை. பக்கத்தில் எய்லிஷ் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பானையில் ஒரு பிடி ஓட்ஸ் மாவு இருந்தது. காய்ச்சி ஊட்டினால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அன்று மே முதல் நாள். அன்றைக்கு யாரும் வீட்டு நெருப்பை வெளியே தரமாட்டார்கள். தந்தால் அந்த வருஷத்துப் பால் வளமும் கூடவே போய்விடும். நாப்லாவோ புருஷனில்லாதவள். அந்த ஒரு மாடுதான் அவளுக்குச் சோறு. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கோப்னட் மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு படுத்துவிட்டாள்.

உச்சி வேளையில் கதவு படாரென்று திறந்தது. வேலி ஓட்டை வழியே குறுக்காக வந்திருந்தாள் நாப்லா. கையில் மண்சட்டி, அதில் சிவக்கச் சிவக்கக் கங்கு.

"ஊர்ல எல்லாக் கூரையிலயும் புகை வந்தாச்சு, உன் வீட்டுல மட்டும் காணோம். வாய் இல்லையாடி உனக்கு? ஒரு குரல் குடுத்தா என்ன?"

"அக்கா, இன்னிக்குப் போய்... உங்க மாடு..."

"எனக்கே பாடம் சொல்றியா? தள்ளு."

குனிந்து ஊதினாள். நடுவே தன் மாடு நின்ற பக்கம் அவள் திரும்பிப் பார்ப்பதைக் கோப்னட் கண்டாள். பயம் இல்லாமல் கொடுத்துவிடவில்லை.

எய்லிஷ் பிழைத்தாள்.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. நாப்லாவின் மாடு வற்றிப்போனது. கோப்னட் அவள் முன்னால் போய் நின்று அழுதாள்.

"என்னாலதான்க்கா."

"அட, போடி! பள்ளத்தாக்குல அத்தனை மாடும் வத்திக் கிடக்கு. எல்லாரும் உனக்கா நெருப்புக் குடுத்தாங்க?"

அன்றிலிருந்து மறு விளைச்சல் வரை இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை. பெரும்பாலும் காஞ்சொறிக் கீரைதான் அதில் வெந்தது.

எய்லிஷுக்கு இப்போது கல்யாண வயது. விடியலில் கங்குகளை ஊதும்போதெல்லாம் கோப்னட் இரண்டு பேருக்காக ஜெபிக்கிறாள். ஒருவன் மண்ணுக்குள். இன்னொருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள்.

ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. மாடு அதன் வழியாகத்தான் வந்துபோகிறது.