புளியந்தீவில் புளிப்பு

வீட்டில் புளிப்பு ஒன்றும் இருக்கக் கூடாது என்று நல்லரத்தினம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் குசினிக்குள் எட்டிப் பார்த்தபோது, சமையல்காரி மார்கிறட் புளிப் பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள். கொறுக்காய்ப்புளி, தேசிக்காய் ஊறுகாய், வினாகிரிப் போத்தல் எல்லாம் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. மேசையில் கோதுமை மாவில் சுட்ட பாண் இரண்டு றாத்தல் அப்படியே இருந்தது.

"ஒரு சொட்டுப் புளி இல்லை, தம்பி. மரத்தில நாலு தேசிக்காய் கிடக்கு. அதையும் புடுங்கவோ?"

பிழை அவனுடையது. ஹன்னா ஆங்கிலத்தில் சொன்னதை வேதப்புத்தகத்துச் சொல்லால் அவன் சொல்லியிருந்தான். மோசேயின் சட்டத்தில் புளிப்பு என்றால் புளித்த மா. மார்கிறட்டின் அடுப்படியில் புளிப்பு என்றால் புளி.

ஹன்னா வியன்னாவில் வைத்தியம் படித்த யூதப் பெண். ஹிட்லரின் ஆட்கள் அந்த நகரத்துக்குள் வந்த பிறகு தப்பிக் கப்பலேறியவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது. தாதி வேலை பார்த்துக்கொண்டு, அவனுடைய வீட்டின் பின்னறைகளில் ஐந்து வாரமாகக் குடியிருந்தாள். குசினி பொது. இன்று மாலை யூதரின் பஸ்காப் பண்டிகை. பதினொரு மணிக்கு முன் வீட்டில் புளித்த மா ஒரு துகளும் இருக்கக் கூடாது. "எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். இதையும் விட்டால் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை," என்று அவள் சொல்லியிருந்தாள்.

"பாண்தான் புளிப்பு, அக்கா," என்றான்.

"பாணோ? பாண் எங்க தம்பி புளிக்குது? புளிச்ச பாணை வித்தா உசனார் காக்காவை ஊர் சும்மா விடுமோ?"

"மா பொங்குதே, அதுதான் கூடாது."

"பொங்குறது கூடாதெண்டா பாலும்தான் பொங்குது. நல்ல நாயம்! புளியந்தீவில இருந்துகொண்டு நான் புளியைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு நிக்கிறன்."

விடியற்காலையில் இருந்து தட்டுகளை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்த ஹன்னா வாசலுக்கு வந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. பாணைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் தேங்காய் மட்டையோடு சேர்த்து எரித்துவிட்டு வந்தாள்.

"எட்டு நாளைக்கு அவவுக்குச் சோறும் இல்லை, அக்கா. அவங்கட ஊர் வழக்கம்."

"மறுகா என்னத்தைத் திண்டு கிடக்கிற?"

"முட்டை. உருளைக்கிழங்கு. செதிளுள்ள மீன்."

"இறால்? நண்டு?"

"அது அவவுக்கு எண்டைக்குமே இல்லை."

"மாதாவே! மட்டக்களப்புக்கு வந்து நண்டு தின்னாத சீவன்!"

அப்போதுதான் ஹன்னா மூலையைக் காட்டினாள். வாயில் துணி கட்டிய மண்பானை. "அது?"

மார்கிறட் பானைக்கு முன்னால் போய் நின்றாள். "அது அப்பம் சுடுற மா. அதுக்கு ஒண்டும் இல்லை."

அந்தப் பானை அவன் மனைவி பீற்றிஸுடையது. கல்யாணமாகி வந்த கிழமை அவள் கரைத்த மா. ஒவ்வொரு முறையும் அடியில் ஓர் அகப்பை மிச்சம் விட்டு, அதன்மேல் புது மா கரைப்பாள். போன ஆவணியில் காய்ச்சலில் போய்விட்டாள். அடிமா நிற்கவில்லை. மார்கிறட் நிற்க விடவில்லை. இரண்டு நாளைக்கொரு தடவை தட்டில் அப்பம் வரும், அவன் தின்பான். இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

"என்ன மா?" என்று ஹன்னா கேட்டாள்.

"அரிசி மா."

"அரிசி புளித்தாலும் சட்டத்தில் அது புளிப்பு இல்லை. நான் தின்ன மாட்டேன். ஆனால் வீட்டில் இருக்கலாம்."

அவன் அதை மார்கிறட்டுக்குச் சொன்னான். அவள் முகம் மலரவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"ஆண்டவர் பாடுபட்ட பெரிய கிழமையில பொய் சொல்லக் கூடாது, தம்பி. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுப் பாணை ஊறப்போட்டுப் பிசைஞ்சு விடுறனான். மெத்தெண்டு வருமெண்டு பீற்றிஸ் பிள்ளைதான் காட்டித் தந்தது."

ஹன்னாவுக்குத் தமிழ் தெரியாது. மணி பத்தரை. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பானை மூலையிலேயே இருக்கும்.

"என்ன சொல்கிறாள்?"

சொன்னான். பானை யாருடையது என்பதையும் சொன்னான்.

"அது உங்கள் பொருள், யூதருடையது இல்லை. எனக்குத் தடை இல்லை. நடுவில் ஒரு துணி கட்டி மறைத்தால் சட்டத்துக்குப் போதும்."

"உங்களுக்குப் போதுமா?"

வெந்நீரில் சிவந்த தன் கைகளை அவள் பார்த்தாள். "என் அம்மாவின் குசினியில் போதாது."

அவன் பானையைத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிடப் பாரம்.

"தன்னாமுனையில உங்கட தங்கச்சி வீட்டில எட்டு நாள் வைக்கலாமோ, அக்கா?"

"வைக்கலாம். ஆர் மா போடுற? அவளுக்குக் கைராசி இல்லை, அடிமாவைச் சாக்கொல்லிப் போடுவாள்."

"நான் போய்ப் போடுறன்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"சொல்லித் தாங்க."

கேற் வரைக்கும் பின்னாலேயே வந்து சொன்னாள். "ஒரு சுண்டு மா. இளநீர் கொஞ்சம். உப்புப் போட்டிராதீங்க. அகப்பையால இல்லை, கையால கலக்கோணும். பொங்கி வந்தா அடிக்கடி கலக்குங்க, இல்லாட்டி வழிஞ்சிரும்."

சைக்கிள் கேற்றைத் தாண்டியபோது ஹன்னா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்றுக்குப் பத்து. ஒரு தலையசைப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கோட்டைமுனைப் பாலம் கடந்து வடக்கே போகும் வழியில் வெயில் ஏறிவிட்டது. மா பொங்கித் துணியை நனைத்து, பானையை அணைத்திருந்த அவன் மணிக்கட்டில் வழிந்தது. வாவிக் கரையில் சைக்கிளைச் சாய்த்து, நிலத்தில் குந்தித் துணியை அவிழ்த்தான். நுரை விளிம்புக்கு வந்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, மார்கிறட் சொன்னபடி கையை உள்ளே விட்டுக் கலக்கினான்.

மா இளஞ்சூடாக இருந்தது. நுரை அடங்கிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.