எட்டாத கைப்பிடி

விடியற்காலை ஆலைச் சங்கு அடங்குமுன்பே முள்ளுமிசின்கள் உறுமத் தொடங்கிவிடும். அந்தப் பெயர் பெண்கள் வைத்தது. நூற்பாலையில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை வெறுங்கையால் அதன் வாயில் திணிக்க வேண்டும். உள்ளே சுற்றும் உருளையின் இரும்பு முட்கள் அதைக் கிழித்துத் துப்பும். பஞ்சுக்கும் விரலுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. மூக்கில் தூசி ஏற, எண்ணெய் நாற்றம் குடலைப் புரட்ட, மிசினுக்கு ஒரு பெண்ணாக வரிசையில் நின்றிருந்தார்கள்.

மிசினை நிறுத்தும் கைப்பிடி தலைக்கு மேலே இருந்தது. சீமையில் ஆறடி ஆளை நினைத்துச் செய்தது. பேரையூர்ப் பக்கம் கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவளுக்கு எட்டுமா? ஆளுக்கொரு கூடையைக் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நிறுத்த வேண்டுமென்றால் அதன்மேல் ஏறி இழுக்க வேண்டும்.

முப்பத்தெட்டாம் வருஷம் சமயநல்லூர் ரோட்டில் இருந்த அந்த ஆலைக்கு டிராயிங் வேலைக்கு வந்தான் லூர்துராஜ். சென்னையில் கைத்தொழில் வடிவமைப்புப் படித்தவன். கூடப் படித்தவர்களில் ஒருவன் சிவகாசியில் தீப்பெட்டிக்குப் படம் போட்டான். ஒருவன் ரயில் பெட்டிக்கு இருக்கை வரைந்தான். இன்னொருவன் பித்தளைக் கூஜாவுக்கு மூக்கு வரைந்து வீடே கட்டிவிட்டான். கருவியை வரையுமுன் அதைப் பிடிக்கும் கையை வரை என்பதுதான் எல்லோருக்கும் முதல் பாடம். கவிழ்த்த கூடைகளைப் பார்த்ததும் லூர்துராஜ் பெண்களின் கை உயரத்தை அளந்தான். கைப்பிடியை இடுப்புயரத்துக்கு இறக்கி ஒரு படம் வரைந்து கொடுத்தான். முதலாளி "பேஷ்" என்று சொல்லி மேசை ஓரத்தில் வைத்தார். மறுநாள் அதன்மேல் காபி டம்ளர் இருந்தது.

மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை அன்னக்கொடியின் வலது கை மிசினுக்குள் போனது. பக்கத்து மிசின் ஒச்சாயி ஓடிவந்து கூடையில் ஏறினாள். ஈரத்தரையில் கூடை வழுக்கி அவளைக் கீழே தள்ளியது. எழுந்து மறுபடி ஏறி இழுப்பதற்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. சிவந்து விழுந்த பஞ்சை மேஸ்திரி தனியாக அள்ளச் சொன்னார். நல்ல பஞ்சோடு கலந்துவிடக் கூடாதாம். மனுசன்தானா அவர்?

அன்று மாலை முதலாளி லூர்துராஜைக் கூப்பிட்டார்.

"கைப்பிடி மேலேயே இருக்கட்டும்ப்பா. அதுக்கு இரும்புல ஒரு பெட்டி வரைஞ்சு குடு. பூட்டு வைக்கிற மாதிரி. சாவி மேஸ்திரிகிட்ட இருக்கும்."

"எட்டலைன்னுதான் ஐயா இன்னைக்குக் கை போச்சு. பூட்டு வேறயா?"

"ஒருத்தி நிறுத்துனா. அதைப் பாத்து அம்புட்டுப் பேரும் நிறுத்திட்டு அழுதாளுக. நாளைக்குக் கூலி பத்தலைன்னு நிறுத்துவாளுக. கைக்கு எட்டுனா ஆலை யார் கையில இருக்கும்?"

அப்போதுதான் லூர்துராஜுக்கு விளங்கியது. கைப்பிடியை முதலாளி மறதியால் மேலே விட்டுவைக்கவில்லை.

"புது ஆலை வருது. தலைமை டிராயிங் நீதான். சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறேன். பெட்டியை மட்டும் வரைஞ்சிரு."

சீமை என்றதும் ஒரு கணம் மனசு ஆடத்தான் செய்தது. அந்தச் சிவந்த பஞ்சு கண்ணுக்குள் வந்தது.

"அதை நான் வரைய மாட்டேன் ஐயா."

"ஒரு பெட்டிக்குக் கொல்லன் போதும். நீ கணக்கை முடிச்சிட்டுப் போ."

வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். லூர்துராஜ் நடந்ததைச் சொன்னான்.

"பெட்டி வாரதுக்குள்ள நம்ம கைக்கு எட்ட வச்சுருவோம் தம்பி" என்றாள் ஒச்சாயி. "வழி சொல்லு."

"பஞ்சுப் பேல் கட்டுற கயிறு போதும்க்கா. கைப்பிடியில கட்டித் தொங்கவிட்டா இழுத்துரலாம்."

"வெளிய தள்ளிருவாகளே. சோத்துக்கு எங்க போறது?" என்றாள் அன்னக்கொடிக்கு மறுபக்கத்து மிசின் இருளாயி. அவள் உடம்பு நடுங்கியது.

"கையில்லாம சோத்தை எப்படித் திங்கிறது?" என்றாள் ஒச்சாயி.



மறுநாள் சங்கு ஊதுமுன் வாட்ச்மேன் அழகுமலை, பெண்களோடு வந்த லூர்துராஜைக் கண்டும் காணாததுபோல் உள்ளே விட்டார். லூர்துராஜ் ஒவ்வொருத்தியையும் கையைத் தொங்கப்போடச் சொல்லி, அந்த உயரத்தில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டான். அன்னக்கொடியின் மிசினுக்கும் போனான்.

"அதுக்குத்தான் ஆளில்லையே தம்பி" என்றாள் ஒச்சாயி.

"அவங்க திரும்பி வாரப்ப வேணும். இடது கைப்பக்கம் கட்டுறேன்."

ஒச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லூர்துராஜ் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். மிசின்கள் ஓடத் தொடங்கின. வானம் வெளுத்தபோது கொல்லனைக் கூட்டிக்கொண்டு இரும்புப் பெட்டிகளோடு முதலாளி வந்தார். ஒச்சாயி கயிற்றை இழுத்தாள். பெல்ட் நழுவி மிசின் முனகி நின்றது. பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்து ஒன்று. கடைசியில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

"யாருடி நிறுத்தச் சொன்னது?"

"எட்டுச்சு, நிறுத்துனோம்" என்றாள் ஒச்சாயி. "கைப்பிடி கீழ வரணும். அன்னக்கொடி பொழப்புக்கு வழி சொல்லணும். பெறகு ஓட்டுறோம்."

முதலாளி விறுவிறுவென்று வெளியே போனார். ஆலைக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. ரோட்டில் போலீஸ் லாரி வந்து நின்றது. பூட்ஸ் கால்கள் வரிசையாக இறங்கின. உள்ளே யாரும் கயிற்றை விடவில்லை. இருளாயி இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். வலது கையில் தன் கயிற்றை விடாமல், இடது கையை நீட்டி அன்னக்கொடியின் கயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.