பதினாலாவது நிமிஷம்

தேர்வில் எந்த நிமிஷம் என்ன சிக்கல் வரும் என்பது விமானிகளுக்கு முந்தின நாளே தெரிந்துவிடும். கேன்டீனில் கைமாறும் ஒரு தாள் போதும்.

"பதினாலாவது நிமிஷம் வேகம் குறையும்க்கா. கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடுவேன்" என்று துணை விமானியான தம்பி சொன்னபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சிக்கூடத்தில் போலி விமான அறையை இயக்குபவள் அவள். வானத்தில் யார் இவர்களுக்குத் தாள் எழுதித் தருவார்களாம்?

மறுநாள் யாரையும் கேட்காமல் அந்தச் சிக்கலை ஒன்பதாவது நிமிஷத்துக்கு நகர்த்தினாள்.

கேப்டனும் தம்பியும் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது நிமிஷம் வேகம் குறைந்தது, விமானத்தின் மூக்கு மேலே ஏறியது. இறக்கை காற்றில் பிடிப்பை இழக்கப்போகிறது என்று எச்சரித்து, விமானிகளின் கைப்பிடி கிடுகிடுவென்று நடுங்கியது. அப்போதே அதை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தினால் வேகம் திரும்பிவிடும். கேப்டனோ தன் பக்கம் இழுத்தார். இவர்களை நம்பிப் பயனில்லை என்று கைப்பிடி தானாகவே முன்னே தள்ளியது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். தரை எழும்பி வந்தது, திரை சிவந்து நின்றது.

"உன் மெஷின் சரியில்லம்மா" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார் கேப்டன். "இருபது வருஷமா ஓட்டுறேன். என்கிட்டயே மல்லுக்கட்டுது!"

தேர்வு நடத்துகிறவர் அவள் பக்கம் குனிந்தார். "பழுதுன்னு எழுதிடுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்ப நடத்திக்கலாம்."

அவள் கேமரா பதிவை ஓட்டினாள். கேப்டனின் லட்சணத்தைக் காட்டத்தான் ஓட்டினாள். ஆனால் பக்கத்துக் கைப்பிடியில் தம்பியின் இரண்டு கைகளும் இருந்தன. விரல் முட்டி வெளுக்க அவனும் இழுத்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தனியே அழைத்துப் போனாள்.

"தள்ளணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா இழுத்த?"

"சார் இழுக்கும்போது நான் மட்டும் எப்படிக்கா தள்றது? தப்பா நினைச்சுக்க மாட்டாரா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழுகிற விமானத்தில் மரியாதை! பின்னால் உட்கார்ந்திருக்கிற நூற்றைம்பது பேரும் மரியாதையாகச் சாக வேண்டுமாக்கும்.

பதிவேட்டை இழுத்துப் போட்டு எழுதினாள்: 'இயந்திரத்தில் பழுதில்லை. நேரத்தை மாற்றியது நான். கைப்பிடி சரியாகத்தான் தள்ளியது. இரண்டு பேரும் சேர்ந்து எதிர்த்து இழுத்தார்கள்.' தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள்.

தம்பி எட்டிப் படித்துவிட்டான். "அக்கா, அவரோட சேர்த்து என் வேலையும் போயிடும்க்கா."

"போகட்டும்டா. வேலை போனா வீட்டுக்குத்தானே வருவ."