பக்கவிளைவு இல்லாத ஊர்

மருந்துக் கம்பெனி நம் ஊருக்கு வந்த வருஷம், லாரி ஓட்டுநர் ஒருவர் அவர்கள் சோதனைக்குக் கொடுத்த மாத்திரையை விழுங்க, மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த அவருடைய அக்காவுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை; நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். பெருநகரத்தில் அதே மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு அவரவர் விரல்தான் மரத்ததாம். இங்கே மட்டும், விழுங்கியவர்மேல் யார் அதிகப் பாசம் வைத்திருக்கிறாரோ அவரைத் தேடிப் போனது அந்த மரப்பு. கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்? மூடிக்கிடந்த நூற்பாலையை அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தார்கள். நெரிசல் இல்லை, வாடகை குறைவு, வேலைக்குச் சேர்ந்தவன் வேறு கம்பெனிக்குத் தாவமாட்டான். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் சின்ன ஊராகப் பார்த்து வந்தார்கள். பாசம் கொசுறாகக் கிடைத்தது.

"உங்க ஊர்ல மாத்திரை சாப்பிட்ட ஒருத்தருக்குக்கூடப் பக்கவிளைவு வரல. இப்படி ஒரு ஊரை நாங்க பாத்ததே இல்ல" என்று ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை மேடம் கூட்டம் போட்டுச் சொன்னபோது நாமும் வெட்கமில்லாமல் கைதட்டினோம். விரல் மரத்தவர்களும் தட்டினார்கள். வேலை வேண்டுமென்றால் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும் என்பது விதி. சொந்த விரல் மரத்துப்போனால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சோதனை முடிவைக் கெடுக்கிறானாம். முடிதிருத்துபவர் ஒருவர் விழுங்கியபோது பெண்டாட்டி விரலுக்கு ஒன்றும் ஆகாமல் எதிர்வீட்டு டீச்சரின் விரல் மரத்து, இரண்டு குடும்பமும் சந்தி சிரித்தது. நாதியற்ற தபால்காரர் விழுங்க, அவர் வளர்த்த நாய் கால் மரத்து நொண்டியது. நாயின் புண்ணியத்தில் அவருக்கு அங்கே பகுதிநேர வேலை நிலைத்தது.

தையற்காரியின் கணவன் கம்பெனியில் காவலாளியாகச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். ஆலை மூடியதிலிருந்து அவன் வீட்டில் நாற்காலி தேய உட்கார்ந்திருந்தான்; அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டே, உப்பு குறைவு, குழம்பு தண்ணி என்று வாய் ஓயாமல் குறை சொன்னான். அவன் மாத்திரை விழுங்கிய அன்று அவள் தைக்கப் புதுத் துணி எதையும் வாங்கி வைக்கவில்லை. பிழைப்பே விரல்தானே! பயந்துகொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள். சட்டென்று நுழைந்தது. அப்பாடா என்று இருந்தது, அப்புறம் என்னவோ போல் இருந்தது. மாலையில் வந்தவன் கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரைப் பிடித்தான். விரல் சிவந்தும் கீழே வைக்கவில்லை. இருவருக்கும் புரிந்துவிட்டது. உலகத்தில் அவனுக்காக மரத்துப்போக ஒரு நாய்கூட இல்லை.

விஷயம் தெரிந்தால் வேலை போகும். மறுபடி அதே நாற்காலி, அதே வாய். அவள் அவனை அருகே கூப்பிட்டாள். "எனக்குத்தாங்க மரத்துப்போச்சு. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க" என்றாள். சொன்னால் போதுமா? மேடமே ஊசியோடு வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு விரலிலும் குத்தினார். ரத்தம் பொட்டுப் பொட்டாக எழும்பியது. தையற்காரி ஜன்னலைப் பார்த்தபடி, "எப்ப மேடம் குத்தப் போறீங்க?" என்று கேட்டாள். மேடம் திருப்தியாகப் போனார். கதவோரம் நின்ற கணவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியைக் கிழித்து அவள் விரல்களில் கட்டினான். அவனுக்கு உணர்வு இல்லாததால் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

மேடம் மாதாமாதம் வந்தார், மாதாமாதம் குத்தினார், அவளும் அசையாமல் இருந்தாள். அவன் உப்பைப் பற்றிப் பேசுவதை விட்டான். பாத்திரம் கழுவினான். ஊசி குத்தும் நாளில் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்படியே சில வருஷங்கள் போயின. ஒருநாள் காலையில், "ஐயோ, சுடுது!" என்று அலறி டம்ளரைப் போட்டான். சுடுகிறதே என்று சந்தோஷமாகத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். தையல் இயந்திரத்தின் ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாவி மனுஷா, கடைசில என்னையும் கவுத்துட்டீங்களே" என்று விரலைப் பார்த்து அழுதாள். அவளுக்கு அவன்மேல் அவ்வளவு கோபம் அதற்குமுன் வந்ததில்லை. அவன் வேலையை விட்டுவிடுகிறேன் என்றான்.

"விட்டுட்டு? தைக்கிற கையும் போச்சு, எப்பத் திரும்புமோ தெரியாது, வேற எதுல சாப்பிடறது? போங்க, நேரமாச்சு" என்றாள்.

அவன் போனான், மாத்திரையை விழுங்கினான். துணி கொண்டு வந்தவர்களிடம், "அவர்மேல பாசம் வந்துடுச்சு, இனிமே தைக்க முடியாது" என்று அவளே வாசலில் நின்று சொன்னாள். அவர்கள் அளவு ரவிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவில் யார் தைக்கிறார்கள் என்று விசாரித்துப் போனார்கள்.