பேச்சு வகுப்புக்கு ஒரு ஓட்டு

சத்தியசீலன் விட்ட முதல் குத்தில் வாஞ்சிநாதனின் மூக்கு உடைந்தது. இரண்டாவது வாயில் விழுந்தது. பள்ளிக்கூட ஜிம்மின் பளபளத்த மரத்தரையில், கூடைப்பந்துக் கோட்டின்மேல், ஒரு பல் தெறித்து உருண்டது. வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த கிழவி அலறிக்கொண்டு மேஜைக்கடியில் போனாள்.

அந்த ஏப்ரலில் நியூ ஜெர்சியின் அந்தச் சின்ன ஊருக்கு மாநில அரசு தரும் பள்ளிப் பணம் குறைந்துபோயிருந்தது. குறைந்ததை வீட்டு வரியில் ஏற்றலாமா என்று ஊரே ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். கூடாது என்றால் முதலில் மூடுவது பேச்சுப் பயிற்சி வகுப்பைத்தான். அதில் ஆறு பிள்ளைகள். ஒன்று சத்தியசீலனின் மகள் பிரீத்தா. ஏழு வயதுவரை அவள் முழுசாகப் பேசிய வாக்கியங்கள் நாலோ ஐந்தோ. எல்லாம் அந்த வகுப்பில் வந்தவை.

வாஞ்சிநாதன் அதே தேர்தலில் பள்ளியை நடத்தும் போர்டுக்கு நின்றான். 'வரி போதும்' என்று நோட்டீஸ். சத்தியசீலன் வீட்டில் அவன் மனைவி ஜோசபின் போட்ட காபியைக் குடித்துவிட்டு, போகும்போது அந்தக் கதவிலேயே ஒன்றைச் செருகிவிட்டுப் போன ஆள்.

சத்தியசீலனிடம் ஓட்டர் கார்டு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் லைசன்ஸ் ஆபீசில் கவுன்டர்காரி கடகடவென்று ஏதேதோ கேட்டாள். அரசாங்க ஆபீசில் இல்லை என்று சொன்னால் இன்னொரு வரிசையில் நிற்கவைப்பார்கள் என்பது நாகர்கோவிலில் படித்த பாடம். எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்றான். குடிமகனா என்ற கேள்வியும் இருந்த ஓட்டுப் பதிவுப் படிவத்தில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். தபாலில் கார்டு வந்தது. பைபிளுக்குள் வைத்தான். கிரீன் கார்டுதான் கையில், ஆனாலும் வீட்டு வரி கட்டுகிறோம், ஸ்கூல் ஓட்டு நமக்கும் உண்டு என்றுதான் நினைத்திருந்தான். குடியுரிமைப் பிரமாணம் அடுத்த மாதம்.

ஓட்டு நாளன்று வேர்ஹவுஸ் வேலை முடிந்து பூட்ஸோடு ஜிம்முக்கு வந்து வரிசையில் நின்றான். வேட்பாளர் என்ற உரிமையில் வாஞ்சிநாதன் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தான். கிழவியிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னவே சொன்ன அவகிட்ட?"

"நீ சிட்டிசன் இல்லேன்னு சொன்னேன். பேசாம வீட்டுக்குப் போ, சத்யா."

"நான் போட்டா ஒனக்கு ஒரு ஓட்டு கொறயும். அதானே?"

"அடேய், போட்டா டிபோர்ட் பண்ணிடுவான்டா! ஓத் அடுத்த மாசம். ஒனக்கு நல்லதுதான் பண்றேன்."

"நல்லதா? எம் பிள்ளை வாயை மூடுறதுக்கு நோட்டீஸ் அடிச்ச கையா இது?"

"ஆறு பிள்ளைக்காக ஊரே வரி கட்டணுமா? ஒம் பொண்ணு பேசாட்டி நீ வீட்ல சொல்லிக் குடு."

அப்போதுதான் கை போனது.

விழுந்தவன் எழப் பார்த்தான். சத்தியசீலன் மடக்கு நாற்காலியை எடுத்து முதுகில் இறக்கினான். நாற்காலியின் கால் வளைந்தது. இன்னொரு முறை. தடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரனின் கண்ணாடி நொறுங்கியது. வாஞ்சிநாதன் ரத்தத்தோடு, "முட்டாப்பயலே, முட்டாப்பயலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சத்தியசீலன் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்த பிறகுதான் அது நின்றது. போலீஸ்காரன் சத்தியசீலனின் கழுத்தில் முழங்காலை ஊன்றியபோது, தரையில் கிடந்த தன் ஓட்டர் கார்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பார்த்தான். அதன்மேல் யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு ஜோசபின் வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழவில்லை.

"வரி ஏத்துறது பதினோரு ஓட்டுல தோத்துட்டு. கிளாஸ் ஜூனோட முடிஞ்சுது."

"அவன்?"

"மூணு விலா போச்சு. போர்டுக்கு ஜெயிச்சுட்டான்." அவள் பையைத் தோளில் ஏற்றினாள். "வக்கீல் சொல்றாரு, ஓட்டு விழாததுனால சிட்டிசன் இல்லாம ஓட்டுப் போட வந்த கேஸ் லேசாப் போயிருக்கும். இந்த அடிதடிக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியாதாம்."

அவள் போனதும் குடியேற்ற இலாகா அதிகாரி ஒருவன் அந்த ஓட்டர் கார்டை பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நீ அமெரிக்கக் குடிமகனா என்று கேட்டான்.

'யெஸ்' நாக்கு நுனிவரை வந்தது. சத்தியசீலன் அதை விழுங்கினான்.

"நோ."

அதிகாரி தலையசைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்து, மேலே 'நாடு கடத்தல் விசாரணை' என்று அச்சிட்ட வேறொரு படிவத்தை எடுத்தான்.