செண்பகவல்லி சொல்லாத சொல்

பொன்னழகு வேலைக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுவாள். அரிசி களைந்த கை பானைக்குள் இருக்கும், கண் மட்டும் எங்கோ போயிருக்கும். புருஷன் வயிரவனுக்கு அது பிடித்திருந்தது. "என் வீட்டுக்காரி பாதி நேரம் சொப்பனத்துல குடியிருக்கா" என்று சக வாத்தியார்களிடம் பெருமையாகச் சொல்வான்.

அவன் நாட்டரசன்கோட்டையில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டை மாட்டிக்கொண்டு உத்தியோகத்துக்குப் போனவன். சென்னையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தான். அவன் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். பொன்னழகு மிஷன் பள்ளியில் படித்தவள், எழுத்து முத்து முத்தாக விழும். அதனால் அவன் எழுதியதை மாதாமாதம் அவள்தான் நல்ல தாளில் பிரதி எடுத்தாள். தகப்பன் இல்லாத வீட்டுப் பெண் என்பதால் இருபது வயது கடந்துதான் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. இந்த ஆவணியோடு மூன்று வருஷம்.

கதையின் நாயகி செண்பகவல்லி, பூத்தொடுக்கும் வீட்டுப் பெண். பிரதி எடுக்க எடுக்க அவள் பொன்னழகுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மத்தியான வெயிலில் வீடு நிசப்தமாகும்போது ஈரக்கூந்தல் வாசம்கூட வருவதுபோல் இருக்கும்.

அந்த மாத அத்தியாயத்தில் மழை பெய்தது. ஜமீன் வாரிசு பிரதாபன் செண்பகவல்லியைக் கோச்சு வண்டியில் ஏற்றித் தோட்டத்து பங்களாவுக்குக் கொண்டுபோனான். கதவைத் தாழிட்டான். கையைப் பற்றினான். 'விடுங்கள், விடுங்கள் என்று திமிறினாள். பிறகு அவள் திமிறவில்லை. கண்கள் பாதி மூட, கனவில் மிதப்பவள் போலிருந்தாள். இதழ்கள் பேசாவிட்டாலும் அவள் இதயம் இசைந்துவிட்டது.'

'திமிறவில்லை' என்பது வரை எழுதிய பொன்னழகின் கை நின்றுவிட்டது. பேனா முள்ளில் மை காய்ந்தது. அவள் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள்.

அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. படியில் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் வெயில் நெளிந்தது, அந்த நெளிவுக்குள் ஒரு முகம் கூடிக் கூடிக் கலைந்தது. "அப்ப நீ என்ன நினச்சே?" என்று பொன்னழகு மெதுவாகக் கேட்டாள். முகத்தின் வாய் அசைந்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் பின்னால் ஈரக்கால் வைத்து யாரோ வருவதாகத் தோன்றியது. பார்த்தால் போய்விடுவாளோ என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வயிரவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான்.

"முடிஞ்சுச்சா? நாளைக்குத் தபால்ல சேக்கணும்."

"பாதி எழுதிட்டேன். அதுக்கு மேல கை ஓடல."

"ஏன், எழுத்து விளங்கலையா?"

"எழுத்து விளங்குது. அவ மனசு இசைஞ்சுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் சிரித்தான். "எழுதுறவன் நான்தானே."

"விடுங்கன்னு அவ சொன்னத எழுதியிருக்கீக. சரின்னு சொன்னது எங்கிட்டும் இல்லையே."

"அதெல்லாம் வாயத் தொறந்து சொல்லுவாகளா? கண்ணப் பாத்தாத் தெரியும். அந்தக் கண்ணே உன்னப் பாத்து எழுதுனதுதான்."

"தெரியும். அதான் கேக்குறேன்."

அவன் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றான்.

"கல்யாணமான அன்னைக்கு ராத்திரி நானும் பேசாமத்தான் இருந்தேன்" என்றாள்.

"அது வெக்கம்."

"வெக்கம்னு நீக எழுதிக்கிட்டீக. எனக்குப் பயம். எங்க ஊர்க் கம்மாய்க்கரைய நினச்சுக்கிட்டேன், நாரை வந்து எறங்குமே அந்த எடத்த. நல்லா நினச்சா அங்கனயே போயிரலாம். இங்க கிடந்தது உடம்பு. நான் அங்கன இருந்தேன்."

"அன்னைக்கு மட்டுமா?"

"பல நாளு. பழகிப்போச்சு. இப்ப அரிசி களையயிலகூடப் போயிருறேன்."

"ஏன் சொல்லல?"

"நீக கேக்கல." கொஞ்சம் யோசித்தாள். "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனோ என்னமோ. உங்க வீடு, உங்க சோறு. மாட்டேன்னா ஆத்தா வீட்டுக்கு அனுப்பிச்சிருவீகளோன்னு இருக்கும்ல."

வயிரவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நான் உன்ன ஒருநா அடிச்சேனா? ஒரு வார்த்தை வஞ்சேனா?" என்றான். இல்லை என்று தலையசைத்தாள். "பெறகென்ன?" என்றான். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அவன் பாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பூவரச மரத்தடிக்குப் போய்விட்டான்.

சில நாள் அப்படியே கழிந்தது. தபாலில் சேர்க்க வேண்டிய நாளும் தப்பிப்போனது. மரத்தடியில் உட்கார்ந்து, அதுவரை அச்சில் வந்த தன் கதைகளையெல்லாம் எடுத்துப் படித்தான். எல்லாவற்றிலும் ஒரு பெண் கண்ணைப் பாதி மூடியிருந்தாள். ஒருத்திகூட எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பதிலாக அவனே சொல்லியிருந்தான். படிக்கப் படிக்க அவனுக்கு உடம்பு கூசியது.

பிறகு அந்த மாத அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். பிரதாபன் பற்றியிருந்த கையை விட்டான். கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டான். 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்றாள் செண்பகவல்லி. மழையில் தனியாக நடந்து போனாள். அந்த இடத்தைப் பிரதி எடுக்கும்போது பொன்னழகுக்குக் கண் நிறைந்து எழுத்து மறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

பத்திரிகை வந்தபோது அத்தியாயம் வேறு மாதிரி இருந்தது. கதவு தாழிட்டே கிடந்தது, அவனுடைய பழைய கதைகளில் வருவதுபோலவே இதயம் இசைந்துவிட்டது. வாசகர்கள் எதிர்பார்ப்பது இதுதான், ஆகவே சிறு திருத்தம் செய்தோம் என்று ஆசிரியர் தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். இனி எழுதுவதாக இல்லை என்று வயிரவன் பதில் போட்டான். வேறு யாரோ அந்தக் கதையை எழுதி முடித்தார்கள். வயிரவனும் பொன்னழகும் அதைப் படிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரையில் தண்ணீர் சரசரவென்று இறங்கிக்கொண்டிருக்க, வயிரவன் உள்ளே உட்கார்ந்து வாளிக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். எதிரே பொன்னழகு புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் கையப் பிடிச்சுக்கிறவா?" என்று கேட்டான். கேட்க அவனுக்கு வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம்" என்றாள். வேண்டாம் என்றுதான் இருந்ததா, சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

"சரி" என்று அவன் கயிற்றை முறுக்கினான்.

அவள் காத்திருந்தாள். சோறு போடும்போது முகம் திருப்புவான் என்று நினைத்தாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். மறுநாள் காலையில் எதையாவது எடுத்தெறிவான் என்று நினைத்தாள். குடையைக் காணோம் என்று தேடி, கிடைத்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு அவள் நடுவீட்டில் நின்றாள். சுவரோரம் ஒழுகிய தண்ணீர் பாத்திரத்தில் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் யாரையோ வைவது கேட்டது. இத்தனை சத்தம் இந்த வீட்டில் எப்போதும் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

தை பிறந்ததும், "எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள் அவனிடம். தனக்கு வேண்டியதை அவள் அவனிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "இந்த ரயிலு வந்ததுலருந்து கூவுறதத்தான் கேக்குறேன். ஏறிப் பாக்கணும்."

காரைக்குடி வரை போய்வந்தார்கள். திரும்பும்போது பெட்டியில் கூட்டம். சன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்த வயிரவன் தூங்கிப்போனான். பொன்னழகு தூங்கவில்லை. பொட்டல், பனை, தொலைவில் ஒரு கோபுரம் என்று எல்லாம் தண்ணீரில் மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்தன. அவன் தலை மெதுவாகச் சரிந்து அவள் தோளில் சாய்ந்தது. கனமாக இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். பிறகு தோள் கடுத்தது.

"அங்குட்டுத் தள்ளி ஒக்காருங்க" என்று இடித்தாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, எந்த ஊர் என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.